30 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 14 லட்சம் விருந்தினர்: உலகக் கோப்பைக் கூட்டத்தை கத்தார் எப்படிச் சமாளித்தது?

கல்யாண வேலையை இழுத்துப்போட்டுச் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண்டபம் பிடிப்பது பெரிய விஷயமே இல்லை என்பார்கள். வெளியூரிலிருந்து வரும் 200 பேரை எங்கே தங்க வைப்பது, ரயில்வே ஸ்டேஷனுக்கு யார் வண்டி அனுப்புவது, ஒரே நேரத்தில் எல்லோரும் பந்திக்கு வந்து நின்றால் என்ன செய்வது... தலைவலி எல்லாம் இங்கேதான்.

கால்பந்து உலகக் கோப்பையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்டேடியங்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். ஆனா ஒரு நாடு நிஜமாகவே தயாரா இல்லையா என்பது விமான நிலைய வாசலிலும், மெட்ரோ பிளாட்ஃபார்மிலும், இரவு 1 மணிக்கு ஊர் தெரியாமல் நிற்கும் ரசிகனின் கையில் இருக்கும் போனிலும்தான் தெரியும்.

2022-ல் கத்தார் அந்தத் தேர்வை எழுதியது. 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனதாக அந்நாடு சொன்னது. எதில் பாஸ், எதில் ஃபெயில்? 2030 காமன்வெல்த் போட்டிக்குத் தயாராகும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அடிப்படைக் கணக்கு என்ன?

கத்தாரின் பரப்பளவு சுமார் 11,500 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை அப்போது சுமார் 30 லட்சம். அதில் குடிமக்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். மற்ற எல்லோரும் வேலைக்காக வந்தவர்கள்.

2010 டிசம்பர் 2-ம் தேதி இந்த நாட்டுக்கு உலகக் கோப்பையைக் கொடுத்தது ஃபிஃபா. கடைசிச் சுற்று வாக்கெடுப்பில் அமெரிக்காவை 14-8 என்று கத்தார் வென்றது. வழக்கமாகப் போட்டி நடக்கும் ஜூன், ஜூலையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எனவே 2015-ல் போட்டியையே நவம்பர், டிசம்பருக்கு மாற்றினார்கள். 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை 29 நாள்கள், 32 அணிகள், 64 ஆட்டங்கள்.

8 ஸ்டேடியங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான். ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்த அல் பைத், அல் ஜனூப் இரண்டுக்கும் இடையே சுமார் 75 கி.மீ. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ரஷ்ய உலகக் கோப்பையில் ரசிகர்கள் ஊர் விட்டு ஊர் பறக்க வேண்டியிருந்தது. கத்தாரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு அதே அறைக்குத் திரும்பிவிடலாம்.

இது வசதிதான். ஆனா ஆபத்தும் இதில்தான். பெரிய நாட்டில் கூட்டம் பத்து, பன்னிரண்டு நகரங்களுக்குப் பிரிந்து போய்விடும். இங்கே 32 அணிகளின் ரசிகர்களும் ஒரே ஊரில்.

ஹய்யா கார்டு: ஒரே அட்டையில் எல்லாம்

முதல் கேள்வி, யார் உள்ளே வரலாம்? இதற்குக் கத்தார் கண்டுபிடித்த பதில் 'ஹய்யா கார்டு'. போட்டிக்கு டிக்கெட் வாங்கியவர் போனிலேயே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அதுவே நாட்டுக்குள் நுழையும் அனுமதி, ஸ்டேடியத்துக்குள் போகும் அனுமதி. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் இலவசப் பயணத்துக்கும் அதே அட்டைதான்.

நவம்பர் 1 முதல் வழக்கமான சுற்றுலா விசாக்களை நிறுத்திவிட்டார்கள். ஹய்யா இருந்தால்தான் வெளிநாட்டுப் பார்வையாளர் உள்ளே வர முடியும். இதைப் பெற, தங்கும் இடத்தையும் பதிவு செய்ய வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள், எங்கே தூங்குவார்கள் என்பது அரசுக்கு முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிட்டது. அழைப்பிதழோடு சேர்த்து 'எத்தனை பேர் வருவீங்க, எங்க தங்குவீங்க?' என்று போன் போட்டுக் கேட்டது மாதிரி.

அதே நவம்பர் 1 முதல் பயணிகளுக்கான கோவிட் பரிசோதனைக் கட்டாயத்தையும் நீக்கினார்கள். டிக்கெட் இல்லாதவர்களை டிசம்பர் 2-க்குப் பிறகுதான் அனுமதித்தார்கள். குரூப் ஆட்டங்கள் முடிந்து, பாதி அணிகளின் ரசிகர்கள் ஊர் திரும்பும் நேரம் அது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெயர், பாஸ்போர்ட், தங்கும் முகவரி என ஒருவரின் பயணம் முழுவதும் ஒரே செயலிக்குள் போய்விடுகிறது. தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றி அப்போதே ஐரோப்பிய அமைப்புகள் சில எச்சரித்தன.

எங்கே தூங்க வைத்தார்கள்?

சொந்த வீட்டில் இடம் போதவில்லை என்றால் என்ன செய்வோம்? மொட்டை மாடியில் ஷாமியானா போடுவோம், பக்கத்து வீட்டில் இரண்டு அறை கேட்போம். கத்தாரும் அதைத்தான் செய்தது. ஒரு மாத விருந்தினருக்காக நிரந்தர ஹோட்டல்களைக் கட்டித் தள்ளினால், அடுத்த மாதமே அவை காலியாகக் கிடக்கும். அதனால் தற்காலிக ஏற்பாடுகள் வந்தன:

• கப்பல்கள்: எம்.எஸ்.சி. நிறுவனத்தின் 3 சொகுசுக் கப்பல்கள் தோஹா துறைமுகத்தில் மிதக்கும் ஹோட்டல்களாக நின்றன. அதில் 'வேர்ல்டு யூரோப்பா' அப்போதுதான் கட்டி முடித்த புத்தம் புதுக் கப்பல்.

• கூடாரங்கள், கேபின்கள்: பாலைவனத்திலும் காலி மைதானங்களிலும் 'ரசிகர் கிராமங்கள்' முளைத்தன. கன்டெய்னர் போன்ற கேபினில் ஓர் இரவுக்கு வாடகை சுமார் 200 டாலர்.

• உறவினர் வீடு: கத்தாரில் வசிப்பவர்கள் தங்கள் வீட்டில் 10 பேர் வரை தங்க வைக்கலாம், பதிவு மட்டும் செய்தால் போதும். தோஹாவில் அண்ணனோ மாமாவோ வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதுதான் கைகொடுத்த வழி.

• பக்கத்து நாடு: துபாய், மஸ்கட், ரியாத், ஜெட்டா, குவைத்தில் தங்கிக்கொண்டு, காலையில் பறந்து வந்து ஆட்டம் பார்த்துவிட்டு இரவே திரும்பும் ஷட்டில் விமானங்கள். துபாயிலிருந்து மட்டும் ஃப்ளைதுபாய் தினமும் 30 முறை போய்வரத் திட்டமிட்டது. இந்தக் கூட்டத்துக்காகவே தோஹாவின் பழைய விமான நிலையத்தை மீண்டும் திறந்தார்கள்.

இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓர் அரசியல் கதை இருக்கிறது. 2017 ஜூனில் சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்து, வான்வழி, தரைவழி எல்லாவற்றையும் மூடின. 2021 ஜனவரியில்தான் சமாதானம் ஆனது. அது நடக்காமல் போயிருந்தால் துபாய் ஷட்டிலும் இல்லை, சவுதி எல்லை வழியாக வந்த பஸ்களும் இல்லை. விருந்தினரை வரவேற்க நாமும் நம் வீடும் தயாராக இருந்தால் போதாது. பக்கத்து வீட்டுக்காரருடன் பேச்சுவார்த்தையும் வேண்டும்!

எல்லாம் சுமுகமாக நடந்ததா என்றால், இல்லை. ஒரு ரசிகர் கிராமத்தில் முதல் விருந்தினர்கள் வந்து இறங்கியபோது சில பகுதிகள் இன்னும் கட்டுமானத்தில் இருந்தன. புகார் வந்ததும் பணத்தைத் திருப்பித் தருவதாக அமைப்பாளர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மெட்ரோ? இந்தப் பக்கம்!

தோஹா மெட்ரோ 2019 மே மாதம்தான் ஓடத் தொடங்கியது. 3 வழித்தடங்கள், 37 நிலையங்கள், சுமார் 76 கி.மீ., ஓட்டுநர் இல்லாத ரயில்கள். 8-ல் 5 ஸ்டேடியங்களுக்கு மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். மீதிக்கு இணைப்புப் பஸ்கள். போட்டி நாள்களில் அதிகாலை 3 மணி வரை ரயில்கள் ஓடின.

சாலைகளைக் காலியாக்க இன்னொரு வேலையும் செய்தார்கள். பள்ளிகளுக்குப் போட்டிக் காலம் முழுவதும் விடுமுறை. அரசு ஊழியர்களில் 80 சதவீதம் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஊரே விருந்தினருக்காக ஒதுங்கி நின்றது என்று சொல்லலாம்.

ஆனா ரசிகர்கள் நினைவில் நின்றது ரயிலோ விடுமுறையோ இல்லை, ஒரு மனிதர். சூக் வாகிஃப் சந்தைக்கு வெளியே உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பெரிய ரப்பர் விரலை மாட்டிக்கொண்டு 'மெட்ரோ? திஸ் வே' என்று ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்த கென்ய இளைஞர். கூட்டமே அவரோடு சேர்ந்து கோரஸ் பாடியது. வீடியோ வைரலாகி, ஓர் ஆட்டத்தில் மைதானத்துக்குள்ளேயே அழைத்து மைக்கைக் கொடுத்தார்கள். எத்தனை ஆயிரம் கோடி செலவழித்தாலும், வழி தெரியாமல் நிற்பவருக்குச் சிரித்த முகத்தோடு வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு அவர் சாட்சி.

ஒத்திகையில் தெரிந்த ஓட்டை

2022 செப்டம்பர் 9. இறுதிப் போட்டி நடக்க வேண்டிய லுசைல் ஸ்டேடியத்தில் 'லுசைல் சூப்பர் கப்' என்ற ஒத்திகை ஆட்டம். சவுதியின் அல் ஹிலாலும் எகிப்தின் ஜமாலெக்கும் மோதின. 75,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

ஸ்டேடியத்துக்குள் குடிதண்ணீர் தீர்ந்துபோனது. ஆட்டம் முடிந்ததும் மெட்ரோவுக்கான வரிசை, அந்த வெக்கையில், நீண்டுகொண்டே போனது. நிலையம் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே நுழைய முடியவில்லை.

பார்க்க அவமானம் மாதிரி தெரியும். உண்மையில் ஒத்திகை வைப்பதே இதற்குத்தான். 80,000 பேர் உள்ளே வருவது நாலு மணி நேரம் பரவி நடக்கும். வெளியே போவது அரை மணி நேரத்தில் நடக்கும். பந்திக்கு வருவதைவிட கை கழுவும் இடத்தில்தானே நெரிசல்! போட்டி தொடங்கியபோது தடுப்புகள் வைத்து, வேண்டுமென்றே சுற்று வழியில் மக்களை நடக்க விட்டார்கள். 'பக்கத்துல இருக்கற ஸ்டேஷனுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும்?' என்று ரசிகர்கள் திட்டினார்கள். ஆனால் அந்தச் சுற்றல்தான் நுழைவாயிலில் கூட்டம் ஒரேயடியாகச் சேராமல் தடுத்தது.

கடைசி நிமிடச் சொதப்பல்கள்

1. பீர் தடை: ஸ்டேடியம் வளாகங்களில் பீர் விற்கப்படும் என்று சொல்லிவந்தார்கள். தொடக்க ஆட்டத்துக்கு 2 நாள் முன்பு, நவம்பர் 18-ல், அது ரத்தானது. ஸ்பான்சரான பட்வைசரே திகைத்துப்போனது. தன் நாட்டில் மது வேண்டாம் என்று முடிவெடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. சிக்கல் அதில் இல்லை. டிக்கெட்டும் ரூமும் புக் செய்து, ஆள் விமானம் ஏறிய பிறகு விதியை மாற்றியதுதான் சிக்கல். 'வேறு எந்த வாக்குறுதி மாறும்?' என்ற சந்தேகம் வந்துவிட்டது.

2. டிக்கெட் செயலி: நவம்பர் 21, இங்கிலாந்து - ஈரான் ஆட்டம். ஃபிஃபாவின் டிக்கெட் செயலி மக்கர் செய்தது. கையில் காகித டிக்கெட் கிடையாது, எல்லாமே போனில். ஆட்டம் தொடங்கிய பிறகும் பலர் வாசலில் நின்றார்கள். முழுக்க டிஜிட்டல் என்றால், அது படுத்துக்கொள்ளும் நாளுக்கு இன்னொரு வழி கையில் இருக்க வேண்டும்.

3. ரசிகர் திருவிழா: அல் பிட்டா பூங்காவில் 40,000 பேருக்கு இடம். முதல் நாள் இரவே அதைவிடப் பெரிய கூட்டம் திரண்டு, நெரிசல் அபாயம் வந்தது.

வரவேற்பு எல்லோருக்குமா?

தன்பாலின உறவு கத்தாரில் சட்டப்படி குற்றம். எல்லோரும் வரலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஆனால் வேல்ஸ் அணியின் முதல் ஆட்டத்திலேயே சில ரசிகர்களின் வானவில் நிறத் தொப்பிகளைக் காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 'ஒன்லவ்' பட்டை அணிந்தால் மஞ்சள் அட்டை காட்டுவோம் என்று ஃபிஃபா எச்சரித்ததால், ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் பின்வாங்கினார்கள்.

மறுபுறம், இதுவரை உலகக் கோப்பைக்குப் போக நினைத்தே பார்க்காதவர்கள் வந்தார்கள். அரபு நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ரசிகர்கள். மொராக்கோ அரையிறுதிக்குப் போனபோது அந்த ஊரே கொண்டாடியது. மது இல்லாத ஸ்டேடியத்தில் பயமில்லாமல் உட்கார முடிந்தது என்று சொன்ன பெண் ரசிகர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு அசௌகரியமான இடம் இன்னொருவருக்கு நிம்மதியான இடமாக இருந்தது. இரண்டுமே உண்மை.

பந்தி பரிமாறியவர்கள் எங்கே?

இந்தக் கதையில் நமக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. மெட்ரோ, ஸ்டேடியம், சாலை எல்லாவற்றையும் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு.

2021 பிப்ரவரியில் 'தி கார்டியன்' நாளிதழ், உலகக் கோப்பை கிடைத்ததிலிருந்து இந்த 5 நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டோர் கத்தாரில் இறந்ததாகக் கணக்கிட்டது. அதில் இந்தியர்கள் மட்டும் 2,711 பேர். இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்: இது எல்லா வகை மரணங்களும் சேர்ந்தது, ஸ்டேடியக் கட்டுமானத்தில் இறந்தவர்கள் மட்டும் இல்லை. ஸ்டேடியப் பணியில் நேரடி வேலை விபத்தால் இறந்தவர்கள் 3 பேர், மற்ற காரணங்களால் 37 பேர் என்றது கத்தார் தரப்பு. 2022 நவம்பரில் அமைப்புக் குழுவின் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாடி, ஒரு டிவி பேட்டியில் 400 முதல் 500 என்றார். அது நாடு முழுக்க, எல்லாத் துறைகளிலும் நடந்த பணியிட மரணங்கள் என்று பிறகு விளக்கம் வந்தது.

எண்கள் ஏன் இவ்வளவு முட்டிக்கொள்கின்றன? வெயிலில் உழைத்த இளைஞர் இரவில் தூக்கத்திலேயே இறந்தால், சான்றிதழில் 'இயற்கை மரணம்' அல்லது 'இதயம் நின்றது' என்று எழுதப்பட்ட வழக்குகள் ஏராளம். பிரேதப் பரிசோதனை இல்லையென்றால் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் குடும்பத்துக்கு இழப்பீடும் கிடையாது.

மாற்றங்களே வரவில்லை என்று சொல்ல முடியாது. முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறும் உரிமை 2020-ல் வந்தது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கோடையில் வெளிவேலைக்கான தடை நேரமும் நீட்டிக்கப்பட்டது. காகிதத்தில் இருப்பது களத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் சர்வதேச மனித உரிமை அமைப்புகளுக்குச் சந்தேகம்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இன்னொன்று நடந்தது. ரசிகர்கள் தங்கவிருந்த பகுதிகளில், ஆசிய, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வசித்த ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் காலி செய்யப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சில மணி நேர அவகாசம்தான் கிடைத்தது என்றார்கள் தொழிலாளர்கள். உலகக் கோப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. விருந்தாளிக்குப் பாய் விரித்த நேரத்தில், வீட்டைக் கட்டியவர்களின் பாய் தெருவுக்கு வந்தது.

போட்டி முடிந்தபின் என்ன மிஞ்சியது?

ஸ்டேடியங்களுக்கு மொத்தம் 34 லட்சம் பார்வையாளர் வருகை. இறுதிப் போட்டியில் மட்டும் 88,966 பேர். பெரிய விபத்தோ, நெரிசல் மரணமோ ரசிகர்கள் தரப்பில் இல்லை. இது சாதாரணச் சாதனை அல்ல.

மெட்ரோ இன்றும் ஓடுகிறது. ஹய்யா தளம் சுற்றுலா விசா தளமாக மாறியது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையைப் பெரும்பாலும் அதே ஸ்டேடியங்களில் நடத்தினார்கள். நம் இந்திய அணியும் அங்கே ஆடியது. கன்டெய்னர்களால் கட்டிய 'ஸ்டேடியம் 974', போட்டி முடிந்ததும் பிரித்துவிடுவோம் என்ற வாக்குறுதியோடு எழுந்தது. 2024 டிசம்பரிலும் அங்கே ஆட்டம் நடந்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

2010 டெல்லி காமன்வெல்த் போட்டி ஞாபகம் இருக்கிறதா? தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், முக்கிய ஸ்டேடியம் அருகே நடைபாலம் இடிந்து 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். வீரர்கள் குடியிருப்பின் சுகாதாரம் உலகச் செய்தியானது. குடிசைப் பகுதிகள் விருந்தினர் கண்ணில் படாமல் தட்டி வைத்து மறைக்கப்பட்டன. இப்போது 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது.

அதுவரை 'பணிகள் 90 சதவீதம் முடிந்தன' என்ற செய்திகளை நிறையப் படிக்கப்போகிறோம். அப்போது இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

• ஸ்டேடியம் நிரம்பிய ஒத்திகை நடந்ததா? அதில் என்ன சொதப்பியது என்பதை வெளியே சொன்னார்களா?

• ஆட்டம் முடிந்து 80,000 பேர் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?

• செயலி வேலை செய்யாவிட்டால் மாற்று வழி என்ன?

• டிக்கெட் விற்றபோது சொன்ன விதிகள் கடைசி நாள் வரை மாறாமல் இருக்குமா?

• இதைக் கட்டுபவர்கள் எங்கே தங்குகிறார்கள்? விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

முதல் நான்கும் விருந்தினரைப் பற்றியவை. கத்தார் பெரும்பாலும் அவற்றுக்குப் பதில் வைத்திருந்தது. ஐந்தாவது கேள்விக்குத்தான், மகனை அங்கே அனுப்பிப் பறிகொடுத்த பல வீடுகளில், இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.